அக்னி நட்சத்திரத்தில் ஒரு கம்பளிச் சால்வை

பெரம்பலூரில் ஸ்வெட்டரை நான் மூன்று இடங்களில்தான் பார்த்திருக்கிறேன். பிறந்த குழந்தையின் தொட்டிலில், ஊட்டி டூர் கிளம்பும் பஸ்ஸில், ஜவுளிக்கடைப் பொம்மையின் மேல். மார்கழிக் குளிருக்கு எங்களுக்கு ஒரு துண்டு போதும். மீதிப் பதினோரு மாதமும் அதே துண்டு வியர்வை துடைக்க உதவும்.

இப்படிப்பட்ட ஊரில்தான் நான் கம்பளி பின்னத் தெரிந்தவளாக வாழ்ந்து வந்தேன். அரசுப் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் தையல் டீச்சர். அந்தக் காலத்துத் தையல் டீச்சர் பரீட்சைக்குக் கம்பளிப் பின்னலும் ஒரு பாடம். எதற்கு வைத்தார்கள் என்று வைத்தவர்களுக்கே தெரியாது. ஒரு ஜோடி குழந்தைக் காலுறை பின்னிக் காட்டி பாஸ் செய்தேன். அதற்குப் பிறகு அந்த இரண்டு ஊசிகளும் பீரோவில் அந்துருண்டையோடு தூங்கின. நான் ஓய்வு பெற்ற பிறகு அவற்றை எழுப்பியது சென்னையிலிருந்து வந்த ஒரு தொண்டு நிறுவனம்.

செந்துறைப் பக்கம் ஒரு ஏரி இருக்கிறது. மழை பெய்தால் ஏரி, மற்ற நாளில் பொட்டலும் புல்லும். ஒவ்வொரு கோடையிலும் அந்தப் புல் இடுப்பு உயரத்துக்குக் காய்ந்து நிற்கும். யாராவது ஒரு புண்ணியவான் பீடியை அணைக்காமல் போட்டுவிட்டுப் போவார். பற்றிக்கொண்டு எரியும். தரையில் முட்டையிட்டிருக்கும் ஆள்காட்டிக் குருவிகள் மேலே வட்டமடித்துக் கத்தும். ஆடுகளை விட்டு அந்தப் புல்லைக் கட்டையாக மேய விட்டால் தீயும் பிடிக்காது, குருவியும் பிழைக்கும் என்று அந்த நிறுவனம் கண்டுபிடித்தது. அதற்கு 'இயற்கை காக்கும் மேய்ச்சல்' என்று பெயர் வைத்து, பேனர் அடித்து, ஏரிக்கரையில் கட்டினார்கள். பேனரின் ஒரு மூலையை முதல் வாரமே ஆடு தின்றுவிட்டது.

அந்த ஆடுகளின் மயிரை வெட்டி, நூற்று, உள்ளூர்ப் பெண்களை வைத்துப் பின்னி விற்பது திட்டத்தின் இரண்டாம் பாகம். சுற்றுவட்டாரத்தில் கம்பளி பின்னத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஒருங்கிணைப்பாளர் ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். இருபத்தெட்டு வயதிருக்கும். கைத்தறிச் சேலை, அகலமான மூக்குத்தி, காலில் மலை ஏறுகிறவர்கள் போடும் ஷூ. செந்துறையில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது, பஸ்ஸைத் தவிர.

"மேடம், இந்த மண்ணோட கதைய நாம பின்னப் போறோம்" என்றார்.

"கதைய அப்புறம் பின்னலாம். மொதல்ல மயிரக் காட்டுங்க" என்றேன். அவருக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. 'உரோமம்' என்று திருத்தினார். கடைசிவரை அவர் உரோமம் என்றும் நாங்கள் மயிர் என்றும்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆடுகளுக்குச் சொந்தக்காரர் ஒரு பெண். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. ஊரில் எல்லோரும் கிடைக்காரம்மா என்பார்கள். நூற்றுச் சொச்சம் கருங்குறும்பைச் செம்மறி ஆடுகள் அவரிடம் இருந்தன. கரிச்சட்டியின் அடிப்பாகம் என்ன கறுப்போ அதே கறுப்பு. அறுவடை முடிந்த வயல்களில் இரவு ஆடுகளைக் கிடை போட்டு, புழுக்கையை வயலுக்கு உரமாக விட்டுவிட்டு அடுத்த வயலுக்கு நகர்வது அவர் பிழைப்பு. சித்திரை, வைகாசியில் மட்டும் எந்த வயலிலும் மேய ஒன்றும் இருக்காது. அந்த இரண்டு மாதத்துக்கு அவருக்கு இருந்த ஒரே வழி இந்த ஏரி. ஏரிக்குள் ஆட்டை விட ஒவ்வொரு வருஷமும் அதற்குப் பொறுப்பான அதிகாரியின் கையெழுத்து வேண்டும்.

முதல்நாள் கூட்டத்திலேயே அவர் தன் பேச்சை முடித்துக்கொண்டார். "மயிர நீங்களே வச்சிக்குங்க டீச்சர். நான் வெட்டி வேலியோரம் கொட்டுறதுதான். எனக்கு ஏரி வேணும். அந்தக் கையெழுத்த மட்டும் வாங்கிக் குடுத்துட சொல்லுங்க."

"ஆனா நீங்க செய்யிறது எவ்ளோ பெரிய விஷயம் தெரியுமா? இயற்கையக் காக்கிறீங்க" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"நான் ஆடு மேய்க்கிறேங்க" என்றார் கிடைக்காரம்மா.

வருஷத்துக்கு இரண்டு தடவை மயிர் வெட்டுவார்கள். அந்த முறை வெட்டியதை இரண்டு சாக்கில் கட்டி என் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். ஒன்றை அவிழ்த்தேன். கருவேல முள், நெருஞ்சி, புழுக்கை, ஒரு பஸ் டிக்கெட், அதற்கு நடுவில் கொஞ்சம் மயிர். இரண்டு நாள் உட்கார்ந்து பொறுக்கினேன். பிறகு, படித்தவள் அல்லவா, வாஷிங் மெஷினில் சுடுதண்ணீர் வைத்து, சோப்புத்தூள் தாராளமாகப் போட்டுச் சுற்றவிட்டேன். கதவைத் திறந்தபோது ஒரே துண்டாக, அரை விரல் கனத்தில், கறுப்பு அடை ஒன்று உட்கார்ந்திருந்தது. இழுத்தாலும் பிரியவில்லை, கத்தரித்தாலும் பிரியவில்லை. என் வீட்டுக்காரர் எடுத்துப் பார்த்தார். கொண்டுபோய் மிக்ஸிக்கு அடியில் விரித்தார். அன்றிலிருந்து எங்கள் மிக்ஸி சத்தம் போடுவதில்லை. அந்தத் திட்டத்தால் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த ஒரே பலன் அது.

இரண்டாவது சாக்கைப் பச்சைத் தண்ணீரில் அலசிக் காயப்போட்டேன். எங்கிருந்தோ ஒரு ராட்டையைக் கொண்டுவந்தார்கள். நானும், நிறுவனத்தின் பயிற்சி மையத்துக்கு வரும் பத்துப் பெண்களும் தட்டுத்தடுமாறி நூற்றோம். நூல் வந்தது. கயிற்றுக்கடையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், அப்படியொரு நூல். பத்து விரற்கடை அகலத்துக்கு ஒரு துண்டு பின்னி, சோதனைக்காக என் கழுத்தில் சுற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் டி.வி. பார்த்தேன். விளம்பரம் வருவதற்குள் கழுத்து சிவந்து தடித்துவிட்டது.

இதை நான் சொன்னபோது ஒருங்கிணைப்பாளர் தன் விளம்பரப் பிரசுரத்தைக் காட்டினார். வழவழப்பான தாள். 'மண்ணின் மென்மை' என்று அதில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

"மேடம், அடுத்த மாசம் அதிகாரி வர்றாங்க. ஏரி பெர்மிஷன் விஷயமும் அன்னைக்குத்தான். நம்ம உரோமத்துல ஒரு சால்வை பின்னி அவருக்குப் போத்திடலாம். நீங்கதான் பின்னணும்."

எங்கள் பக்கம் அதிகாரி ஒருவர் வந்து சால்வை போர்த்தாமல் அனுப்பினால், அது அவரை வாசலோடு திருப்பி அனுப்பியதற்குச் சமம். போர்த்தும் முறைக்கும் இலக்கணம் உண்டு. தோளில் விழ வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், அவர் அதை உருவி உதவியாளர் கையில் கொடுக்க வேண்டும், அது காரின் பின்சீட்டுக்குப் போக வேண்டும். அடுத்த விழாவில் அதே சால்வை வேறு யாரோ ஒருவருக்கு மரியாதை செய்யும். மேடைச் சால்வை ஒன்று கிழிந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அதெல்லாம் சரிகைத் துணி. இவர் கம்பளி என்கிறார். அதுவும் அக்னி நட்சத்திரத்தில்.

அங்கேதான் என் புத்தி கெட்டுப்போனது. நான் பின்னியதைப் போட்டுக்கொண்டு ஒரு அதிகாரி மேடையில் சொறிவார், கீழே என் பழைய மாணவிகள் உட்கார்ந்து பார்ப்பார்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை. முப்பத்தோரு வருஷமாகப் பிள்ளைகளின் தையலைப் பிரித்து முகத்தில் எறிந்தவள் நான். திருச்சிக்குப் பஸ் ஏறினேன். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு கடையில் நல்ல கறுப்பு உல்லன் நூல் வாங்கினேன். எந்த ஆட்டையும் பார்த்திராத, ஏதோ ஒரு மில்லில் பிறந்த நூல்.

"பேரப்புள்ளைக்கா?" என்றார் கடைக்காரர்.

"ஆமாங்க" என்றேன். அதுதான் முதல் பொய். எனக்குப் பேரப்பிள்ளை கிடையாது.

இருபது நாளில் பின்னி முடித்தேன். கடைசி ஓரத்தில் ஒரு கண்ணி நழுவிவிட்டது. பிரிக்கப் பொறுமையில்லாமல் ஊசியால் இழுத்து ஒரு முடிச்சைப் போட்டு மறைத்தேன். மற்றபடி அழகான சால்வை. ஆட்டுமயிர் நூல் அத்தனையும் சாக்கில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

விழா அன்று சாமியானாவுக்குள் ஃபேன்கள் அனலை அள்ளி வீசிக்கொண்டிருந்தன. தாம்பாளத்தில் சால்வை தயாராக இருந்தது. கிடைக்காரம்மா ஏரிக்கான மனுவை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். போகிற போக்கில் சால்வையை ஒரு விரலால் தொட்டார். குனிந்து முகர்ந்தார். என்னைப் பார்த்தார். பந்தல் கால் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

சால்வை போர்த்தப்பட்டது. அதிகாரி வழக்கப்படி உருவப் போனவர், கை வைத்ததும் நின்றுவிட்டார். தடவிப் பார்த்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். மைக்கைப் பிடித்தார்.

"என்னங்க இது, பூனைக்குட்டி மாதிரி இருக்கு! இவ்ளோ ஒசந்த மயிர் தர்ற ஆட்டையா இந்த வெயில்ல, முள்ளுல அலைய விடுறோம்? கூடாதுங்க. கொட்டகை போட்டு, தீவனம் குடுத்து, பண்ணையா வளக்கணும். அதுக்கு நான் ஏற்பாடு பண்றேன். பண்ணை வர்ற வரைக்கும் ஏரிக்குள்ள ஒரு ஆடு போகக் கூடாது. முள்ளு குத்தி மயிரு வீணாயிடும்."

கைதட்டல். எல்லோரையும் விடப் பலமாகத் தட்டியவர் ஒருங்கிணைப்பாளர். ஏரியைக் காக்க ஆட்டைக் கொண்டுவந்தவர்கள், ஆட்டைக் காக்க ஏரியைப் பூட்டிவிட்டார்கள். நானும் தட்டினேன். மேடையில் இருந்தேன், தட்டாமல் இருக்க முடியவில்லை. பந்தல் கால் ஓரம் கிடைக்காரம்மா கையில் அந்த மனு இன்னும் நான்காக மடித்தபடியே இருந்தது.

மூன்றாம் நாள் கிடைக்காரம்மா என் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் குடித்தார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"டீச்சர், அது எங்க ஆட்டு மயிரு இல்லீங்களே."

"எப்படிச் சொல்றீங்க?"

"அதுங்களோடதானங்க படுத்து எந்திரிக்கிறேன். எங்க ஆடுன்னா ஆட்டு வாட அடிக்கும். அது ஜவுளிக்கட வாட அடிச்சுது."

"அப்ப மேடையிலேயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு நின்னேன்."

அவர் கோபமாகக் கூடச் சொல்லவில்லை. "அய்யாகிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லிடுங்க டீச்சர். இது சாதா ஆடு, சாதா மயிருன்னு. அது போதும். ஏரியத் தொறந்துடுவாரு."

"பாக்கலாம்மா" என்றேன். எங்கள் பக்கம் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எழுந்து போய்விட்டார்.

பத்து நாள் நான் வெளியே தலைகாட்டவில்லை. உண்மையைச் சொன்னால் ஊர் சிரிக்கும். தையல் டீச்சர் கடைச் சரக்கை வைத்து ஏமாற்றினாள் என்று என் மாணவிகள் பேசுவார்கள். ஒருங்கிணைப்பாளருக்கு மட்டும் போன் செய்து சொன்னேன். அவர், "மேடம், பிரசுரம் ரெண்டாவது தடவையும் அடிச்சாச்சே" என்றார். பிறகு, அடுத்த வருஷம் தேன் திட்டத்துக்குப் போகப் போவதாகவும் சொன்னார். இயற்கைக்கு எத்தனையோ வேலை இருக்கும் போலிருக்கிறது.

பதினோராம் நாள் மையத்துப் பெண் ஒருத்தி போன் செய்தாள். ஏரி பூட்டியிருந்ததால் கிடைக்காரம்மா ரோட்டோரப் புல்லுக்கு ஆட்டை ஓட்டிப் போயிருக்கிறார். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று வளைவில் ஒதுங்கியதில் ஒரு ஆடு அடிபட்டுச் செத்துவிட்டது. சினை ஆடு.

நான் போனபோது அவர் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மற்ற ஆடுகள் ரோட்டின் வெள்ளைப் புழுதி படிந்த புல்லை முகர்ந்துவிட்டு விலகி நின்றன. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். "ரெண்டு குட்டி இருந்துச்சுங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அவர் என்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும், அந்தக் கொடுமையும் வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியிலிருந்த சாக்கை இழுத்தேன். இருந்த நூல் முழுவதையும் பெரிய ஊசியில் போட்டு நான்கே நாளில் ஒரு சால்வை பின்னினேன். விரல் இடுக்கெல்லாம் அறுத்தது. அதை எடுத்துக்கொண்டு, கிடைக்காரம்மாவையும் அழைத்துக்கொண்டு அதிகாரியின் ஆபீசுக்குப் போனேன்.

வாசலில் உட்கார்ந்திருந்தவர், "மனுவா? திங்கக்கெழம வாங்க" என்றார்.

"மனு இல்லீங்க. சால்வை" என்றேன்.

கதவு திறந்தது. மனுவோடு போனால் திங்கட்கிழமை. சால்வையோடு போனால் எந்தக் கிழமையும் நல்ல கிழமைதான்.

அதிகாரி எழுந்து நின்று, சிரித்துக்கொண்டே கழுத்தை நீட்டினார். போர்த்தினேன். போட்டோவுக்கு ஆள் இல்லாததால் அவர் உடனே உருவப் பார்த்தார்.

"அய்யா, ஒரு நிமிஷம் எடுக்காம இருங்க" என்றேன். "இதுதான் நெசமான ஆட்டு மயிரு. அன்னைக்கு உங்களுக்குப் போத்துனது திருச்சிக் கடையில வாங்குன நூலு. என்னோட வறட்டுக் கௌரவத்துக்கு நான் பண்ண வேலை. இந்தம்மாவுக்கு அதுல ஒரு சம்பந்தமும் இல்ல."

அவர் முகம் மாறியது. "எனக்கே காது குத்துனீங்களா? நான் பண்ணை வேணும்னு மேலிடத்துக்கு எழுதி அனுப்பிட்டேங்க!" என்று ஆரம்பித்தவர் பாதியில் கழுத்தைச் சொறிந்தார். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அதற்கெல்லாம் கருங்குறும்பை அடங்காது. காதுக்குக் கீழே சொறிந்தார். காலருக்குள் விரலை விட்டார்.

அப்போதுதான் கிடைக்காரம்மா பேசினார். "அய்யா, இந்த மயிருக்காக யாரும் கொட்டாய் போட வேணாங்க. ஆட்ட அடச்சு வச்சா நோவு வந்து செத்துப்பூடும். ஏரியில புல்லு காஞ்சு கெடக்கு. இன்னக்கோ நாளைக்கோ பத்திக்கும். எங்க ஆடு தின்னுட்டுப் போவட்டும்ங்க." நான்காக மடித்த மனுவைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். மடிப்பெல்லாம் வேர்வையில் நைந்து கிழியும் நிலையில் இருந்தது.

அதிகாரி நியாயத்தை உணர்ந்து கையெழுத்துப் போட்டாரா, அரிப்புத் தாங்காமல் போட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போட்டார். வைகாசி முடிய ஏரியில் மேய்க்கலாம். சால்வையை இரண்டு விரலால் எடுத்துக் கிடைக்காரம்மாவிடமே நீட்டினார். அவர் அதை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். அந்தக் கோடையில் ஏரி எரியவில்லை. செத்த ஆடு செத்ததுதான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் ஏதோ திருந்திவிட்டதாக நினைத்துக்கொண்டு இருந்திருப்பேன். ஐப்பசியில் அரியலூரில் ஒரு மண்டபத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர்களைக் கௌரவித்தார்கள். என் முறை வந்தது. தோளில் சால்வை விழுந்தது. கறுப்பு. மெத்தென்று இருந்தது. ஓரத்தைத் தடவினேன். முடிச்சு விரலில் தட்டுப்பட்டது. காரின் பின்சீட்டில் ஏறி, எத்தனை தோளில் இறங்கி, எத்தனை பேரைப் பெருமைப்படுத்திவிட்டு என்னிடம் வந்து சேர்ந்ததோ. மைக்கில் ஒருவர் உணர்ச்சியோடு சொல்லிக்கொண்டிருந்தார்: "நம்ம மண்ணின் ஆட்டு உரோமத்தில், நம்ம பெண்கள் கையால் பின்னிய சால்வை!" மண்டபமே கைதட்டியது. நான் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது.

மறுநாள் அந்தச் சால்வையை எடுத்துக்கொண்டு கிடைக்காரம்மாவைத் தேடிப் போனேன். மழை பிடித்துக்கொண்டிருந்தது. வரப்போரம் ஆடுகளோடு நின்றார். நான் பின்னிய அந்த முரட்டுச் சால்வையைத் தலையோடு முக்காடு போட்டிருந்தார். மழைத்தண்ணீர் அதன் மேலேயே உருண்டு ஓடியது. ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. அதன் மடிப்புக்குள் பிறந்து இரண்டு நாள் ஆன குட்டி ஒன்று மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"இத நீங்க வச்சிக்குங்கம்மா. மெத்துன்னு இருக்கும்" என்று நீட்டினேன். மன்னிப்பைத்தான் அப்படிக் கேட்டேன். அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும்.

வாங்கித் தடவிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். "வாணாங்க டீச்சர். இதப் போத்திக்கிட்டுப் போனா எங்க ஆடு யாரு நீன்னு கேக்கும்" என்றார்.

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு சால்வையைப் பதமாக மடித்து, மழை படாமல் என் குடைக்குள் கையை நீட்டி, என் தோளிலேயே போட்டுவிட்டார்.

"நீங்களே போட்டுக்குங்க. உங்களுக்குத்தான் பொருந்துது."